எட்டு இடுக்கும் பார்த்தாயா?

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் புது ஏற்பாடு ஒன்று வந்தது. நோயாளி வீட்டிலிருந்தே தன் காலைப் படம் எடுத்துப் போனில் அனுப்பலாம். டாக்டர் பார்த்து மருந்து எழுதிவிடுவார். தூரத்து ஊர்க்காரர்களுக்கு நல்ல வசதி, நான் குறை சொல்ல மாட்டேன். பிரிவில் புதிதாகச் சேர்ந்த நித்யா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செல்வியக்கா, நீங்க கரெக்டான நேரத்துல ரிட்டயர் ஆகறீங்க. இனி யாரு காலையும் மடில வெக்க வேண்டியதில்ல."

"இருவத்தெட்டு வருசம் வெச்சும் என்ர மடி ஒண்ணும் தேஞ்சு போகல கண்ணு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றி முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு திரும்ப வந்தது. இத்தனை வருடம் என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால், கால் பார்த்தேன் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான். அதனால் எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வெள்ளகோவில் பக்கம். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தேன். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தார். சின்னவளுக்கு மூன்று வயதானபோது ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்குப் பினாயில் தண்ணீரில் வைத்த கால், மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் காயும். ஆறு மாதத்தில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, பிரித்தால் கிழிந்தது. சேற்றுப்புண். மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து அப்பித் துணி சுற்றினேன். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். நான் சுற்றச் சுற்ற அது உள்ளே ஊறிக்கொண்டே போனது. ராத்திரி சொறிந்த விரலில் ரத்தம் ஒட்டும்.

ஒருநாள் தோல் பிரிவு வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குதிகாலை மட்டும் ஊன்றி நடப்பதைப் பிரிவின் தலைமை டாக்டர் பார்த்துவிட்டார். நாங்கள் எல்லாரும் அவரை மேடம் என்போம். "இங்க வா, உட்காரு" என்று நோயாளி நாற்காலியைக் காட்டினார். நான் மாப்பைப் பிடித்தபடியே நின்றேன்.

"மாப்பை அங்க சாத்தி வை. அதுக்குக் கால் வலிக்கல."

மேடம் உட்காருவது உயரமான நாற்காலியில் அல்ல; நோயாளியைவிடத் தாழ்ந்த ஒரு முக்காலியில். மடியில் பச்சைத் துணியை விரித்து, என் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கல்யாணத்தன்று மெட்டி போட என் காலைத் தொட்டவர் ஒருவர். அதற்குப் பிறகு தொட்டவர் இவர்தான். எனக்குக் கூச்சத்தில் கழுத்து வேர்த்தது. "நாறுதுங்க மேடம்" என்றேன்.

"நாத்தமும் ஒரு தகவல்தான். சும்மா இரு" என்றார். "இது பூஞ்சை. பழைய ரொட்டியில பூக்குமே, அந்தச் சாதி. ஈரமும் இருட்டும் கிடைச்சா வளரும். உன் விரல் இடுக்குல ரெண்டும் இருக்கு. பத்தாததுக்கு எண்ணெயும் ஊத்தித் துணியும் போர்த்தி விட்டிருக்க."

தடவக் களிம்பு கொடுத்தார். அதோடு ஒரு கட்டளையும்: "அரிப்பு நின்ன அன்னைக்கு எல்லாரும் மருந்தை நிறுத்திடுவாங்க. நீ நிறுத்தாத. தோல் பழையபடி ஆனப்புறமும் ரெண்டு வாரம் பூசு. தினமும் இடுக்கைத் துவட்டு. காலுக்குன்னு தனித் துண்டு வெச்சுக்க."

ஒரு மாதத்தில் குணமானது. காட்டப் போன அன்று, "என் பிரிவுக்கு வர்றியா? கால் வலின்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார். நான் தோல் பிரிவுக்குப் போன கதை இவ்வளவுதான்.

மேடம் கற்றுக்கொடுத்த முறை இது. நோயாளி ஒரு காலைக் காட்டினாலும் இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் உள்ளங்காலைக் கையால் தடவு. பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு இடுக்காக விரித்துப் பார். ஒரு காலில் நான்கு, இரண்டு காலில் எட்டு. அதன்பின் நகம். மஞ்சளாகத் தடித்திருந்தால் பூஞ்சை அங்கேயும் குடியிருக்கலாம். கடைசியாக, மெதுவான குரலில், தொடை இடுக்கிலும் அரிப்பு உண்டா என்று கேள். காலைத் துவட்டிய துண்டாலேயே மேலே துவட்டினால் அது அங்கும் ஏறும்.

பரிசோதனைக்குச் சுரண்டி எடுப்பதில்தான் நான் அதிகம் திட்டு வாங்கினேன். சிவந்த படையின் நடுவில் சுரண்டினேன். "நடுவுல அது மேய்ஞ்சு முடிச்சாச்சு. இப்ப ஓரத்துலதான் மேயுது. ஆடு எங்க நிக்குதோ அங்க போய்ப் பிடி" என்றார். ஓரத்தில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, வலிக்காமல் மாவுபோல உதிர்த்து, கண்ணாடிச் சில்லில் ஏந்தி, ஒரு சொட்டு மருந்துத் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். தோல் கரைந்ததும் மைக்ராஸ்கோப்பில் கிளைவிட்ட கண்ணாடி நூல்கள் தெரியும். முதன்முதலில் அதை நானாகக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனேன்.

நான் பார்த்துச் சீட்டில் குறித்ததை வாங்கும்போதெல்லாம் மேடம் ஒரே கேள்விதான் கேட்பார். "எட்டும் பாத்தியா?"

ஒரு விஷயம் நானே பிடித்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரே சாயப் பட்டறையிலிருந்து ஒரே மாதத்தில் நான்கு பேர், ஒரே மாதிரிக் காலோடு வந்தார்கள். சாய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். "பூட்ஸு யாருதுங்கண்ணா?" என்று கேட்டேன். "கம்பெனிதுங்க. நான் கழட்டி வெச்சா அடுத்த சிப்டுக்காரன் போட்டுக்குவான். சூடு ஆறறதுக்குள்ள போட்டாத்தானுங்க சுளுவா ஏறும்." ஈரமும் இருட்டும் நினைவுக்கு வந்தன. மேடம் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், வேலை முடிந்ததும் கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். கடிதத்தின் கடைசியில், "இதைக் கண்டறிந்தவர் எங்கள் உதவியாளர் செல்வி" என்று இருந்தது. அதன் நகல் இன்றும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பெருமையோடு இருந்தவள்தான் ஒரு பெரிய தப்பும் செய்தேன்.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே மாரியம்மனுக்குப் பங்குனியில் குண்டம் உண்டு. நெருப்புக் கங்கை நீளமாகப் பரப்பி வெறுங்காலோடு நடந்து போவார்கள். அந்தக் கோவில் பூசாரி ஒரு தை மாதம் எங்களிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சடைமுடி, நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வந்ததும் அறையே கற்பூரம் மணந்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"உக்காருங்க அம்மணி. ஆசுபத்திரில நாந்தானுங்க உங்களக் கும்புடோணும்" என்று சிரித்தார். "உள்ளங்காலு வெடிச்சுக் கெடக்குதுங்க. ஒரு களிம்பு குடுத்தாப் போதும், நான் பஸ்ஸுக்குப் போயிருவேன்."

பச்சைத் துணியை விரித்தேன். அவர் காலை நீட்டினார். குண்டத்தில் ஆண்டுதோறும் முதலில் இறங்கும் கால். உள்ளங்கால் முழுக்க வறண்டு, மாவு தூவியது போல் இருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரலை விரிக்கக் கை வரவில்லை. சாமி காலைப் பிளந்து பார்ப்பதா என்று மனசு தயங்கியது. "வெடிப்பு" என்று சீட்டில் குறித்தேன். அன்று மேடம் விடுப்பு. பதிலுக்கு வந்த டாக்டருக்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள். அவர் என் சீட்டை நம்பி, தோல் மிருதுவாகும் களிம்பை எழுதினார்.

மூன்று வாரம் கழித்துப் பூசாரியை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. காய்ச்சல். களிம்பைக் கால் முழுக்க அப்பித் துணி சுற்றியிருந்தார். நான் கோயமுத்தூர் வந்த புதிதில் செய்த அதே காரியம்.

மேடம் முக்காலியில் உட்கார்ந்து வலது காலின் கடைசி இடுக்கை விரித்தார். எலும்பு தெரியுமோ என்று நான் பயப்படும் அளவுக்குப் பிளந்திருந்தது. பூஞ்சை தோலைத் திறந்து விட்டிருக்கிறது. அந்தக் கதவு வழியாக வேறு கிருமி உள்ளே போயிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது.

மேடம் பழைய சீட்டைப் பார்த்தார். என் கையெழுத்து. நோயாளிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டில் சேர்த்த பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"எட்டும் பாத்தியா?"

"இல்லீங்க மேடம். ஒண்ணும் பாக்கலீங்க."

"கும்பிட்டியா?"

"ஆமாங்க மேடம்." அழுதுவிட்டேன்.

"கும்பிடு, தப்பில்ல. கும்பிட்டுட்டு விரிச்சுப் பாரு." அவ்வளவுதான். பிறகு, "அந்தக் கால் போகக் கூடாது. கட்டு மாத்தறது உன் பொறுப்பு" என்றார்.

ஊசி மருந்தில் வீக்கம் வடிந்தது. தினமும் இரண்டு வேளை கட்டைப் பிரித்து, கழுவி, விரல்களுக்கு நடுவே காய்ந்த துணியை ஒற்றி ஒற்றி எடுப்பேன். தேய்க்கக் கூடாது. மருந்தைப் புண்ணைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பூசுவேன். அப்போதுதான் பூசாரி மனசைத் திறந்தார்.

"இடுக்குல புண்ணு வந்து வருசக்கணக்கா ஆச்சுங்க. வேணும்னேதான் வெடிப்புன்னு சொன்னேன். பூசாரி காலுல புண்ணு வந்தா, ஆத்தாளுக்கு ஆகாத காரியம் பண்ணிப்போட்டான்னுதானுங்க ஊரு பேசும். என்ர பங்காளி முருகேசன் அதுக்குத்தான் காத்துட்டிருக்கான். மொதக் காலு அவன் வசம் போச்சுன்னா மறுக்கா திரும்பாதுங்க. எங்கய்யன், அவுங்கய்யன், எல்லாம் எறங்குன காலு."

குண்டத்துக்கு நாற்பது நாள் இருந்தது.

"கால் எப்பவும் ஈரமாவே இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"வெடியால இருட்டோட ஆத்துல முழுகி, ஈர வேட்டியோட உள்ள போவேன். அபிசேகத் தண்ணி கருவறைல கணுக்கால் வரைக்கும் நிக்கும். தொவட்டுனா சுத்தம் போயிருமுங்க."

அவர் செய்ததை நான் தப்பென்று சொல்ல முடியுமா? நானும் அம்மன் நோன்புக்கு நடும் கம்பத்துக்கு ஈரப் புடவையோடு தண்ணீர் ஊற்றியவள்தான். ராத்திரி யோசித்து மறுநாள் கேட்டேன்: "சாமி, பலகை போட்டு அதுமேல நின்னு பூசை பண்ணுனா குத்தமுங்களா?"

"வேப்பம்பலகைன்னா குத்தமில்லீங்க. அது ஆத்தாளோட மரந்தானுங்க."

"வெளிய வந்ததும் ஒரு வெள்ளைத் துணி. துவைச்சு வெயில்ல காஞ்சது. அதுவும் சுத்தந்தானுங்களே."

"வாயாடிங்க நீங்க" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

புண் ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் மேடம் நைலான் இழை ஒன்றை எடுத்து வந்தார். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் இழையை ஊன்றி, தொடுவது தெரிகிற போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். ஓரிடம், இரண்டிடம், ஐந்திடம். பூசாரி பேசாமல் இருந்தார். பிறகு கண்ணை மூடியபடியே கேட்டார்: "எப்பங்கம்மா ஆரம்பிப்பீங்க?"

மேடம் இழையைக் கீழே வைத்தார். "ஐயா, இந்தத் தடவை குண்டம் இறங்க வேண்டாம்."

"நாப்பது வருசமா எறங்கறனுங்க. ஆத்தா பூவாட்டம் வெச்சிருக்கா."

மேடம் சிரிக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "சின்ன வயசுல இறங்கறப்ப சுடுங்களா?"

"சுடாதுங்களா? சுருக்குனு ஏறும். பல்லைக் கடிச்சு அவ பேரைச் சொல்லிட்டே தாண்டுவேன்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு மூணு வருசமாச் சுடறதே இல்லீங்க. அவ்வளவு அருள்."

சர்க்கரையால் கால் மரத்துப்போயிருப்பதை மேடம் மெதுவாக விளக்கினார். பூசாரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். உன் பாஷையில் சொல் என்று அதற்கு அர்த்தம்.

நான் கட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியாது. அம்மன் கொடுத்த வார்த்தை என்றுதான் நம்புகிறேன். "சாமி, சூட்டைத் தாங்கறதுதானுங்க நேத்திக்கடன். சுடாத காலோட எறங்குனா ஆத்தாளுக்கு நாம என்னத்தைங்க குடுக்கறோம்?"

அவர் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நர்ஸ் சொன்னார். ரொம்பப் பேசிவிட்டேனோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள், "நான் ஆத்தாகிட்டப் பூக் கேக்கோணும்" என்றார். சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டி சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்குப் போய்விட்டார். பூ எப்படி வருமோ என்று தினமும் விளக்கு முன்னால் நின்றேன்.

பத்து நாள் கழித்துக் காட்ட வந்தார். எட்டு இடுக்கையும் பார்த்தேன். காய்ந்து, புதுத் தோல் வந்திருந்தது. "பூக் கேட்டீங்களா சாமி?"

"கேக்கலீங்க." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "ஆத்தா எறங்குன்னு சொல்லிப்போட்டா என்ன பண்றதுன்னு பயமாப் போச்சு. அப்பப் புரிஞ்சுபோச்சுங்க, எனக்கே எறங்க மனசில்லீன்னு."

அந்த வருடக் குண்டத்துக்கு நானும் வீட்டுக்காரரும் காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போனோம். விடியும்போது கங்கு செக்கச் செவேலென்று கிடந்தது. யாரும் இறங்குமுன் செய்யும் வழக்கப்படி பூசாரி மல்லிகைப் பூச்செண்டைக் கங்கின்மேல் உருட்டினார். ஊரே அவர் காலைப் பார்த்தது. அவர் பின்னால் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ர காலுல நோவு. பாவமில்ல, நோவுதான். கோயமுத்தூர்ல பெரிய டாக்டரு பாத்துச் சொன்னது. முருகேசா, நீ எறங்கு."

முருகேசன் என்கிற அந்தப் பங்காளி வருடக்கணக்காகக் கேட்டது அதுதான். கையில் கிடைத்ததும் அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே கண் கலங்கி, "நீ பூவை உருட்டுனாத்தாண்ணா நான் எறங்குவேன். வர்ற வருசமும்" என்றார். பிறகு இறங்கினார்.

குண்டம் முடிகிற இடத்தில் பால் ஊற்றிய பள்ளம் இருக்கும். அதில் காலை நனைத்து வெளியே வருவார்கள். அங்கே ஒரு கூடை நிறைய வெள்ளைத் துணி. பூசாரி பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று நீட்டிக்கொண்டிருந்தார். "வெரல் சந்தெல்லாம் தொவட்டிட்டுப் போங்கடா. அடுத்தவன் துணியத் தொடாதீங்க." நான் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து கும்பிட்டேன். குனிந்து என் காலைப் பார்த்தவர், "ஏனுங்கம்மணி, ஊருக்கெல்லாம் சட்டம் பேசறீங்கோ, உங்க காலு சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்குது" என்று ஒரு துணியைத் தூக்கிப் போட்டார். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு பஸ் ஏறும்வரை நிற்கவில்லை.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மரத்துப்போன உணர்வு திரும்பவில்லை, திரும்பாது என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அதனால் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வார். மேடம் ஓய்வு பெற்றுப் போன பிறகும் வந்தார்.

என் கடைசி வேலை நாளிலும் வந்தார். வேண்டுமென்றே அந்த நாளைக் கேட்டு வந்திருக்கிறார். மடியில் பச்சைத் துணியை விரித்து, கும்பிட்டு, விரித்துப் பார்த்தேன். எட்டு இடுக்கும் காய்ந்து, சுத்தமாக இருந்தன. பத்து விரலும் பத்திரம். சீட்டில் குறித்துவிட்டு எழுந்தேன்.

"அடுத்த தடவை யாருங்க பாப்பாங்க?" என்றார்.

நித்யாவைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "தாத்தா, இனி நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம். அங்கிருந்தே ஒரு போட்டோ அனுப்புனாப் போதும். இப்ப ஒண்ணு எடுத்துக் காட்டட்டுங்களா?"

பூசாரி இரண்டு கால்களையும் சேர்த்து, கோவிலில் நிற்பது போல் அவள் முன்னால் வைத்தார்.

"போட்டோ எடுத்துக்க கண்ணு. ஆனா அதுல சந்து தெரியாது. நீயே உக்காந்து விரிச்சுப் பாரு. எட்டு இருக்குது."

நித்யா என்னைப் பார்த்தாள். அவள் போனை மேசையில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்தாள்.